கண்காணாத உதவியாளர்



முன்னாளிலே பெரிய வர்த்தக நிலையம் ஒன்றின் தலைவருக்குக் காரியதரிசி ஒருவர் இருந்தால், அவர் அடுத்த அறையிலேயே இருப்பார். மணியை அடித்தால் வருவார். தலைவர் அரை வாக்கியம் சொல்லும்போதே மீதி வாக்கியத்தை விளங்கிக்கொள்வார். ‘அந்தக் கடிதத்துக்கு ஒரு பதில் எழுதிவிடும்’ என்று தலைவர் கூறினால், எந்தக் கடிதம், எத்தகைய பதில், கடுமையாகவா பணிவாகவா என்பனவெல்லாம் தலைவருடைய முகத்திலிருந்தே அவருக்குத் தெரியும். தெரியாவிடில் கதவருகே நின்று ஒருமுறை வினவுவார்; ஐயம் அரை நிமிடத்திலே அகன்றுவிடும். இவ்வாறு, ஆணையிலே இருந்த குறையை அண்மை நிரப்பிற்று. தலைவர் பலர் தாம் தெளிவாகப் பணிப்பவர்கள் என்று எண்ணியே காலங்கழித்தனர். உண்மையிலே தெளிவு இருந்தது சொன்னவருடைய வாயில் அன்று, கேட்டவருடைய காதில்.

இன்று அந்த அடுத்த அறை கடல் கடந்து போய்விட்டது. மெய்நிகர் உதவியாளர் என்று ஒரு தொழிலாளர் வகுப்பினர் உலகெங்கும் தோன்றியுள்ளனர. பிலிப்பைன்ஸ் தேசத்திலும் இந்தியாவிலும் இலங்கையிலும் தத்தம் வீட்டிலிருந்தே கணினியின் வாயிலாக வேலை செய்யும் இவர்கள், இலண்டனிலோ மெல்பேர்ணிலோ நியூயோர்க்கிலோ உள்ள ஒருவருக்காக மின்னஞ்சல்களை ஒழுங்குபடுத்துகின்றனர்; சந்திப்புகளைக் குறிக்கின்றனர்; சிட்டைகளை எழுதி அனுப்புகின்றனர்; பயண ஏற்பாடுகளைக் கவனிக்கின்றனர். ஈலான்ஸ், ஓடெஸ்க் என்னும் இரு நிறுவனங்கள் ஒன்றாகி, 2015 ஆம் ஆண்டிலே அப்வொர்க் என்ற பெயரைச் சூடிக்கொண்டது போன்ற இணையச் சந்தைகளிலே வேலை கொடுப்போரும் கொள்வோரும் ஒருவரையொருவர் கண்டுகொள்கின்றனர். பலர் நேரில் ஒருநாளும் சந்திப்பதில்லை. இவர்களுக்கிடையே உள்ள பாலம் எழுதிய சொல் ஒன்றுதான். சொல் பழுதானால் பணியும் பழுதாகும்.

ஆகவே, கண்காணாத ஓர் உதவியாளருக்குப் பணியை எவ்வாறு ஒப்படைப்பது என்பது இன்று பலருக்கும் வேண்டிய அறிவாகும். வேலை கொடுப்பவருக்கு அது நேரத்தையும் பொருளையும் மீதப்படுத்தும். வேலை செய்பவருக்கோ அது வாழ்க்கைப் பிரச்சினை. ஏனெனில், ஒரு பணி கெட்டால் அதற்குரிய குறைந்த மதிப்பெண் அந்த இணையச் சந்தையிலே அவருடைய பெயரோடு நின்றுவிடும். அடுத்து வருபவர் அதைப் பார்த்தே அவரைத் தெரிவு செய்வார் அல்லது தள்ளுவார். பிறர் சொன்ன தெளிவற்ற சொல்லுக்கு இவர் தண்டம் இறுக்க நேரிடுகின்றது.

பணியைப் பகிர்ந்து கொடுக்கும் கலை புதியதன்று. விவிலியத்தின் யாத்திராகமம் 18 ஆம் அதிகாரத்திலே மோசேயின் வரலாறு ஒன்று உண்டு. அவர் காலை முதல் மாலை வரை தனியே அமர்ந்து மக்களுடைய வழக்குகளை எல்லாம் தீர்த்துக்கொண்டிருந்தார். அதனைக் கண்ட அவருடைய மாமனார் எத்திரோ, இப்படிச் செய்தால் நீரும் களைப்பீர், மக்களும் களைப்பர் என்று எச்சரித்து, ஒரு வழி கூறினார். முதலிலே சட்டங்களை மக்களுக்குக் கற்பிக்கவேண்டும். பின்னர் திறமையும் நேர்மையும் உள்ளவர்களைத் தெரிந்து, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவராக்கவேண்டும். சிறிய வழக்கை அவர்கள் தீர்க்க, பெரிய வழக்கு மாத்திரம் மோசேயிடம் வரவேண்டும். கற்பித்தல், தெரிதல், எல்லை வகுத்தல் என்னும் மூன்றும் இதிலே அடங்கியிருக்கின்றன. இன்றைய முகாமைத்துவ நூல்கள் விரித்துரைப்பதும் பெரும்பாலும் இவற்றையே.

திருக்குறளிலும் 51 ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52 ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். ஆளை ஆராய்ந்து தெளிவது முன்னும், தெளிந்தவரை வினையிலே நிறுத்துவது பின்னும் வைக்கப்பட்ட முறையை நோக்குக. தெரியாமல் தெளிவதும் தவறு. தெளிந்தபின் ஐயுறுவதும் தவறு. அவசரத்திலே ஆளைப் பிடித்துவிட்டுப் பின்னர் ஐந்து நிமிடத்துக்கொருமுறை ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்பவர் இரண்டு தவறுகளையும் ஒருங்கே செய்கின்றார்.

இனி, பணியை ஒப்படைக்கப் பலர் தயங்குவது ஏன்? ‘அதை விளக்கும் நேரத்திலே நானே செய்துவிடலாம்’ என்பது அவர்கள் கூறும் காரணம். முதல் நாளைப் பொறுத்தவரை அது மெய்யே. ஆயினும் கணக்குப் பார்த்தல் வேண்டும். வாரந்தோறும் அரைமணி நேரம் எடுக்கும் வேலை ஒன்று உண்டென்று கொள்க. அதனைப் பிறருக்குக் கற்பிக்க 3 மணி நேரம் செல்கின்றது; பின்னர் ஒவ்வொரு வாரமும் சரிபார்க்க 5 நிமிடம் போதும். அப்படியாயின் வாரத்துக்கு 25 நிமிடம் மிச்சம். கற்பித்த நேரம் எட்டாம் வாரத்திலே முழுவதும் திரும்பிவிடும். ஓராண்டு முடிவிலே 18 மணி நேரத்துக்கு மேல் ஆதாயம். எட்டு வாரம் பொறுக்க மாட்டாதவர் அந்த வேலையை ஆயுள் முழுவதும் தாமே சுமக்கவேண்டியதுதான்.

எவற்றைக் கொடுக்கலாம் என்பது அடுத்த வினா. ஒரு வார காலம் தாம் செய்யும் வேலைகளை எல்லாம் ஒரு கொப்பியிலே எழுதிவருதல் நல்ல வழி. வார முடிவிலே அவற்றை மூன்று கூறாகப் பிரிக்கலாம். மீண்டும் மீண்டும் வருவனவும், விதியாக எழுதிவைக்கக் கூடியனவுமான வேலைகள் முதற் கூறு. அவற்றை முழுமையாகவே கொடுத்துவிடலாம். உதவியாளர் ஆயத்தஞ் செய்ய, தலைவர் முடிவு செய்யவேண்டியவை இரண்டாங் கூறு. ஓர் அறிக்கைக்கு வேண்டிய விவரங்களைத் திரட்டுவது இத்தகையது. மூன்றாங் கூறு, எவருக்கும் கொடுக்கலாகாதது. துயருற்றவருக்கு எழுதும் ஆறுதல் மடல், செய்த பிழைக்குக் கேட்கும் மன்னிப்பு, ஒருவரைப் பணியிலிருந்து நீக்கும் முடிவு ஆகியவை இதன்பாற்படும்.

இந்த மூன்றாங் கூற்றை நகைச்சுவையாக விளக்கும் உண்மைச் சம்பவம் ஒன்று உண்டு. ஏ. ஜே. ஜேக்கப்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2005 ஆம் ஆண்டிலே எஸ்குவயர் சஞ்சிகையில் தம் பரீட்சை ஒன்றை வருணித்தார். அவர் இந்தியாவிலுள்ள உதவியாளர்களை அமர்த்தி, தகவல் திரட்டும் வேலையையும் கடித வேலையையும் கொடுத்தார்; அவை செவ்வனே நடந்தன. அதனோடு நில்லாமல், மனைவியோடு எழுந்த பிணக்கிலே தமக்காகப் பேசும் வேலையையும், தொழில் பற்றித் தமக்கிருந்த கவலையைத் தமக்குப் பதிலாகக் கவலைப்படும் வேலையையும் அவர்களிடமே ஒப்படைத்தார். படிப்பவர் சிரிப்பர். சிரித்தபின், எங்கே கோடு கிழிக்கவேண்டும் என்றும் சிந்திப்பர். மற்றொருவருடைய விரல் நம் கடிதத்தைத் தட்டெழுதலாம். மற்றொருவருடைய நெஞ்சு நமக்காக வருந்த இயலாது.

நேயர்களே, இனி இக்கலையின் நடுநாயகமான பகுதிக்கு வரலாம். ஆணையை எழுதுவது எப்படி? ஓர் உதாரணம் காண்க. மெல்பேர்ண் நகரிலே பல் வைத்தியர் ஒருவர் இருக்கின்றார் என்றும், அவருடைய உதவியாளரான யுவதி மட்டக்களப்பிலே இருக்கின்றார் என்றும் கொள்க. வைத்தியர் எழுதுகின்றார்: ‘அடுத்த வாரம் பிறிஸ்பேன் செல்லவேண்டும். நல்ல விடுதி ஒன்றைப் பார்க்கவும்.’ எழுதியவருக்கு இஃது ஐயமற்ற வாக்கியம். பெற்றவருக்கோ ஒவ்வொரு சொல்லும் ஒரு புதிர். அடுத்த வாரம் என்பது எந்தத் திகதி? நல்ல விடுதி என்பது மலிவானதா, வசதியானதா, கூட்டம் நடக்கும் இடத்துக்கு அண்மையிலுள்ளதா? பார்க்கவும் என்றால் விசாரித்துச் சொல்வதா, பணங்கட்டி அறையை உறுதி செய்வதா? அவர் இரவெல்லாம் தேடி மூன்று விடுதிகளின் விவரத்தை அனுப்புகின்றார். வைத்தியரோ அறை உறுதியாகிவிட்டது என்று எண்ணியிருந்தவர், இரண்டு நாட் கழித்துப் பார்த்துச் சினங் கொள்கின்றார். அதற்குள் வாடகையும் ஏறிவிட்டது. யுவதியின் பெயருக்கு எதிரே ஒரு நட்சத்திரம் குறைகின்றது. பிழை யாருடையது?

அதே ஆணை இவ்வாறு அமைந்திருப்பின் எப்படியிருக்கும்? ‘யூன் மாதம் 10 ஆம் திகதி புதன்கிழமை காலை 9 மணிக்குப் பிறிஸ்பேனிலே எனக்குக் கூட்டம் உண்டு, கூட்ட மண்டபத்தின் விலாசம் இது. முதல் நாள் இரவு தங்க, மண்டபத்துக்கு நடந்து செல்லக்கூடிய தூரத்திலே விடுதி வேண்டும். வாடகை 200 டொலருக்கு மேற்படலாகாது. பயணம் தடைப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்கவேண்டும். இவை பொருந்தினால் என்னைக் கேளாமலே உறுதி செய்க. பொருந்தாவிடின் இரண்டு விடுதிகளைத் தெரிந்து என்னிடம் கேட்க. வெள்ளிக்கிழமை மெல்பேர்ண் நேரம் மாலை 5 மணிக்குள் முடியவேண்டும்.’ இதனை எழுத மூன்று நிமிடம் கூடுதலாகச் சென்றிருக்கும். ஆனால் இதிலே நோக்கம் உண்டு, வேண்டிய பயன் உண்டு, எல்லை உண்டு, அதிகாரம் உண்டு, காலமும் உண்டு. இவ்வைந்தும் அமைந்த ஆணை கடல் கடந்தாலும் கெடாது.

இவற்றுள்ளே நோக்கத்தையும் அதிகாரத்தையும் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். நோக்கம் தெரிந்த உதவியாளர், எதிர்பாராத தடை வந்தபோது தாமாகவே சிந்திப்பார். மண்டபத்துக்கு அண்மை வேண்டும் என்பதற்குக் காரணம் காலைக் கூட்டம் என்று அவருக்குத் தெரிந்தால், கூட்டம் வேறிடத்துக்கு மாறியவுடன் விடுதியையும் மாற்றவேண்டும் என்பது அவருக்கே தோன்றும். காரணம் சொல்லாமல் கட்டளை மாத்திரம் கொடுத்தால், அவர் கட்டளையின் எழுத்தைக் காப்பார், பொருளைக் காக்கமாட்டார். அதிகாரத்துக்கோ மூன்று படிகள் உண்டு. விசாரித்துச் சொல்வது முதற்படி. முடிவு செய்து, அனுமதி பெற்றுச் செய்வது இரண்டாம் படி. செய்துவிட்டுப் பின்னர் அறிவிப்பது மூன்றாம் படி. எந்த வேலையிலே எந்தப் படி என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். புதியவரை முதற்படியில் நிறுத்தி, நம்பிக்கை வளர வளர மேலே ஏற்றுவது முறை.

தேசத்துக்குத் தேசம் வேறுபடும் சிறு வழக்கங்கள் பெருங்கேடு விளைக்கும். 5/6 என்று எழுதினால் இலங்கையிலே அது யூன் மாதம் 5 ஆம் திகதி. அமெரிக்காவிலே மே மாதம் 6 ஆம் திகதி. ஆகையால் மாதத்தின் பெயரை எழுத்திலே எழுதுவதே பத்திரமானது. நேரமும் அப்படியே. மெல்பேர்ண் நேரம் மாலை 5 மணி என்பது இலங்கையிலே நண்பகல் 12.30, அங்கே கோடைகாலத்துக்காகக் கடிகாரத்தை முன்தள்ளிவைத்த மாதங்களிலே முற்பகல் 11.30. நியூயோர்க் நேரம் மாலை 5 மணி என்பதோ இலங்கையிலே பருவத்துக்கேற்ப அதிகாலை 2.30 அல்லது 3.30. ‘இன்று மாலைக்குள் அனுப்பும்’ என்று எளிதாகச் சொல்பவர், மறுபுறத்திலே ஒருவருடைய உறக்கத்தைக் கேட்கின்றார் என்பதை அறிதல் வேண்டும். அறிந்து திட்டமிட்டால் அதே வேற்றுமை நன்மையாகும். மாலையிலே கொடுத்த வேலை, தலைவர் துயில்கொள்ளும்போது உதவியாளருடைய பகலிலே நிறைவேறி, அவர் விழிக்கும்போது காத்திருக்கும்.

வேலை தொடங்குமுன் அதனை உதவியாளர் விளங்கிக்கொண்டாரா என்று அறிவது அவசியம். இங்கே கீழைத் தேசத்தவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வகுப்பறையிலே ஆசிரியர் ‘விளங்கிற்றா?’ என்று கேட்டால், விளங்காத பிள்ளையும் ‘ஓம்’ என்றே விடை கூறும். மரியாதையும் அச்சமும் கலந்த அந்த ‘ஓம்’ வளர்ந்த பின்னும் நாவை விட்டு நீங்குவதில்லை. தலைவரை மீண்டும் கேட்டால் அறிவிலி என்று எண்ணிவிடுவாரோ என்று பயந்து, ஊகத்தின்மேல் வேலை செய்து கெடுத்துக்கொள்வோர் பலர். ஆகையால் வேலை கொடுப்பவர் ‘விளங்கிற்றா?’ என்று கேளாமல், ‘முதலிலே என்ன செய்வீர், எந்த இடத்திலே ஐயம் உண்டு?’ என்று கேட்கவேண்டும். ஆணையை உதவியாளர் தம் சொல்லிலே நாலு வரியாகத் திருப்பி எழுதுவது இன்னும் நன்று. வேலை செய்பவரும், தொடக்கத்திலே கேட்கும் கேள்வி திறமையின் அடையாளம் என்பதையும், முடிவிலே கேட்கும் கேள்வியே இழப்பைத் தருவது என்பதையும் உணர்தல் வேண்டும்.

பெரிய வேலையாயின் சிறுபகுதியை முதலிலே பார்த்துவிடவேண்டும். 200 விலாசங்களை ஒழுங்குபடுத்தும் வேலையிலே முதல் 10 விலாசங்கள் முடிந்தவுடன் காட்டுமாறு கேட்கலாம். பத்திலே கண்ட பிழையைத் திருத்துவது எளிது. இருநூறிலே கண்ட பிழை இருவரையும் வருத்தும். அதன் பின்னர் முன்கூட்டியே குறித்த நேரங்களிலே மாத்திரம் விசாரித்தல் போதும்.

பிழை நேர்ந்தபோது திருத்தும் முறையிலே ஆளைக் குறைகூறாது வேலையைக் குறிப்பிட்டுச் சொல்லவேண்டும். ‘நீர் கவனமற்றவர்’ என்பதனால் எதுவும் திருந்தாது. ‘மூன்றாவது சிட்டையிலே வரி சேர்க்கப்படவில்லை, இனி அனுப்புமுன் இந்த இடத்தைப் பார்க்க’ என்பதனால் திருந்தும். அத்திருத்தத்தை ஒரு குறிப்பேட்டிலே இருவரும் எழுதிவைத்தால், அடுத்த முறைக்கு அதுவே வழிகாட்டியாகும். உதவியாளர் நோயுற்றாலும் மாறினாலும் குறிப்பேடு நிலைத்து நிற்கும். புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859 ஆம் ஆண்டு வெளியான தம் தாதியியல் நூலிலே இப்பொருளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். தாதி அருகிலிருக்கும்போது செய்வதை, அவர் இல்லாதபோதும் நடக்கச் செய்வதே நிருவாகம் என்பது அவர் கருத்து. பொறுப்பு என்பது எல்லாவற்றையும் தாமே செய்வதன்று. ஒவ்வொருவரும் செய்யவேண்டியதைச் செய்யுமாறு ஒழுங்கு செய்வது.

இரகசியங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மின்னஞ்சலிலே எழுதி அனுப்புவது, வீட்டுச் சாவியைத் தெருவிலே வைப்பதை ஒக்கும். வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கே அனுமதி கொடுக்கவேண்டும். நாட்குறிப்பைப் பார்ப்பவருக்கு நிதிக் கணக்கு எதற்கு? வேலை முடிந்தவுடன் அனுமதியை நீக்கிவிடவேண்டும். இது நம்பிக்கையீனமன்று, உதவியாளரை வீண் பழியிலிருந்து காக்கும் வேலியுமாகும். பிறருடைய சொந்த விவரங்களைக் கையாள்வோர் சட்டத்தையும் அறிந்திருத்தல் நன்று; இலங்கையிலே இதற்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

இன்று மெய்நிகர் உதவியாளர் என்ற பெயர் மனிதருக்கு மாத்திரம் உரியதன்று. 2011 இல் சிரி, 2014 இல் அலெக்சா, 2022 நவம்பரிலே சட்ஜிபிரி என இயந்திர உதவியாளர்களும் வந்துவிட்டனர். தெளிவான ஆணை வேண்டும் என்னும் விதி இவற்றுக்கும் பொருந்தும். ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. நேர்மையான மனிதர் தெரியாததைத் தெரியாது என்பார். இயந்திரமோ இல்லாததையும் இருப்பதுபோலத் தடையின்றி உரைத்துவிடக்கூடும். 2023 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரின் கூட்டரசு நீதிமன்றத்திலே இது வெளிச்சத்துக்கு வந்தது. விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கிலே சட்டத்தரணிகள் சமர்ப்பித்த எழுத்தாவணத்தில், சட்ஜிபிரி கற்பித்த, உலகில் எங்கும் நடவாத வழக்குகள் ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தன. அவ்வழக்குகள் உண்மையானவையா என்று அந்த இயந்திரத்தையே வினவி, ‘ஆம்’ என்ற விடையையும் பெற்றிருந்தனர். நீதிபதி அவர்களுக்கும் அவர்களுடைய நிறுவனத்துக்கும் 5,000 டொலர் தண்டம் விதித்தார். இயந்திரம் தண்டம் இறுக்கவில்லை, கையொப்பமிட்டவரே இறுத்தனர். வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க இயலாது.

மனித உதவியாளரிடத்திலே அந்தப் பொறுப்பு இன்னும் ஒருபடி பெரிது. குறித்த நாளிலே ஊதியத்தைக் கொடுத்தல், அவருடைய தைப்பொங்கலையும் வெசாக்கையும் நாட்காட்டியிலே குறித்துவைத்தல், நன்றாக முடிந்த வேலைக்கு நன்றி கூறுதல் ஆகியவை செலவில்லாத கடமைகள். திரைக்கு அப்பாலிருப்பவர் பெயரும் வீடும் பசியும் உடைய ஒரு மனிதர். அவருக்குத் தாய் தந்தையர் இருக்கலாம். அந்த வருவாயை நம்பிப் பள்ளி செல்லும் தம்பி தங்கையர் இருக்கலாம்.

பணியை மற்றொருவருக்குக் கொடுக்க முயலும்போதுதான், அந்தப் பணி தமக்கே எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பது ஒருவருக்குப் புலப்படும். எழுதமுடியாத ஆணைக்குப் பின்னால் பெரும்பாலும் முடிவு செய்யாத மனமே இருக்கும். ஆகையால், உதவியாளரைக் கடல் கடந்து வைத்திருப்போரும், அடுத்த மேசையிலே வைத்திருப்போரும், வீட்டிலே மகனையோ மகளையோ கடைக்கு அனுப்புவோரும், இந்த வாரம் ஒரு சிறிய வேலையைத் தெரிந்து, நோக்கம், பயன், எல்லை, அதிகாரம், காலம் என்னும் ஐந்தையும் சேர்த்து ஒருமுறை சொல்லிப் பார்ப்பாராக. வேலை பழுதின்றி முடிவதையும், செய்தவருடைய முகம் மலர்வதையும் காண்பர்.